ராணிப்பேட்டையிலிருந்து வந்த வெடக்கோழிகள்

கால்நடை ஆய்வாளராகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மாட்டைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆட்டைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். கோழி என்று வந்ததும் தடுப்பூசி அட்டவணையைக் கையில் திணித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. மாடு கன்று போட முடியாமல் தவித்தால் ஊரே நம்மைத் தேடி ஓடிவரும், நாமும் ஓடுவோம். கோழிக்கு ஒன்று என்றால் "கோழிதானேம்மா, சாயந்திரமா வர்றேன்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். மாடு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கொஞ்சம் நிலமும் இருக்கும். கோழி மட்டும் வைத்திருக்கும் பெண்ணுக்கு, அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

என்னை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே அலுத்துவிட்டது. உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பேசாமல் திரும்பிப் பாருங்கள்.

எனக்கு ஆயுசு முழுக்க வந்த போன்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்: "டாக்டரம்மா, புதுக் கோழி வாங்கி வுட்டேன், பழசுங்க கொத்திக் கொல்லுதுங்க." முட்டையிடும் வயசை நெருங்கிய இளம் பெட்டையை இங்கே வெடக்கோழி என்பார்கள். ஆசையாக வாங்கிவந்து கொல்லையில் விடுவார்கள். அங்கே ஏற்கெனவே எந்தக் கோழி முதலில் தின்பது, எது நிழலில் படுப்பது, எது யாருக்கு வழிவிடுவது என்று எல்லாம் முடிவாகியிருக்கும். அதற்குள் போய் நான்கு புதுமுகம் நின்றால் சண்டை வராமல் இருக்குமா? எத்தனை நாள் தனியாக வைப்பது, எப்படி வலை கட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆம்பூரில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜாபர் பாய் வீடு. ஜாபர் பாய் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். நெடிய ஆள், பேச்சு குறைவு. அவர் மனைவி நசீமா வீட்டிலிருந்தபடியே ஷூ கம்பெனிக்கு அப்பர் தைத்துக் கொடுப்பவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகத் தோல். அதில் சில தையல்களைக் கையால்தான் போட வேண்டும். ஆம்பூரில் பல வீடுகளில் பெண்கள் மடியில் துணியை விரித்துப் போட்டுக்கொண்டு இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். நசீமாவுக்கு வாய் நீளம், கையும் சுத்தம். அவள் தைத்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், அதுவும் பலமுறை.

கொல்லையில் அவளுக்கு நாட்டுக்கோழிகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் தலைவி ஒரு கறுப்புப் பெட்டை. நசீமா அதற்கு பேகம் என்று பெயர் வைத்திருந்தாள். கொல்லைக் கோடியில் ஒரு சீத்தா மரம், அதன் அடியில் மண் பொடிப்பொடியாக இருக்கும். மத்தியானம் அந்த மண்ணில் பேகம்தான் முதலில் புரளும். அது எழுந்து உதறிக்கொண்டு போகும்வரை மற்றதெல்லாம் வெயிலில் காத்துக்கொண்டு நிற்கும். சேவல்கூடக் கிட்டே போகாது. எனக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

ஜாபர் பாயின் தங்கை பர்வீனை ராணிப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளையில்லை. புருஷன் வீட்டில் அவளுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஜாபர் பாய் போய் அவளை அழைத்து வந்துவிட்டார். ஒரு துணிப்பையும் ஒரு மூங்கில் கூடையுமாக பர்வீன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கூடையில் வெடக்கோழிகள். குஞ்சிலிருந்து அவளே வளர்த்தவை. அவற்றை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அண்ணனிடம் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து அவள் எடுத்துவந்த சொத்து அவ்வளவுதான்.

ஜாபர் பாய்க்கு ஒரு நம்பிக்கை. உங்களிடமும் பலபேர் சொல்வார்கள். "இருட்டுல ஒண்ணா அடைச்சுட்டா, காலைல எழுந்து பாக்கும்போது எல்லாம் தோஸ்த் ஆயிடும்" என்று பழைய கோழிகளின் கூண்டிலேயே புதியவற்றையும் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்பது சரிதான். விடிந்ததும் தெரியுமே!

காலையில் நசீமாவிடமிருந்து போன். "டாக்டரம்மா, எங்க வூட்ல ஒரே பேஜாரு. சீக்கிரம் வாங்க."

நான் போனபோது ஒரு வெடக்கோழிக்குக் கொண்டை கிழிந்து ரத்தம். இன்னொன்று விறகு அடுக்கின் சந்தில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. பர்வீன் அதன் அருகில் குந்தியிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஆனால் புதுப்பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நசீமா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பேகம்தான் ஜாஸ்தி ஆடிச்சு," என்றாள் நசீமா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காயத்துக்கு மருந்து போட்டேன். நடுவில் தடுப்பு வேண்டும், ஒன்றையொன்று பார்க்கலாம், தொடக்கூடாது என்று சொன்னேன். ஜாபர் பாய் எங்கிருந்தோ பழைய மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டுவந்து பேசாமல் அடித்துக் கட்டினார். காயம்பட்டவை வெயிலில் கிடக்கக் கூடாது. அந்தக் கொல்லையில் நிழல் என்றால் சீத்தாமரத்தடி ஒன்றுதான். அதனால் மரத்தடி புதுக் கோழிகளின் பக்கம் போயிற்று.

"அது பேகம் படுக்கிற எடமாச்சே டாக்டரம்மா," என்றாள் நசீமா.

"கொஞ்ச நாளைக்குத்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்," என்றேன்.

அவள் பேகத்தைத் தூக்கிக்கொண்டு போய் வலைக்கு வெளிப்பக்கம் விட்டாள்.

உள்ளே கை கழுவப் போனபோது இன்னொன்றையும் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக, ஃபேனுக்குக் கீழே, டியூப்லைட் வெளிச்சம் நேராக விழுகிற இடம் நசீமா உட்கார்ந்து தைக்கும் இடம். அங்கே இப்போது பர்வீனுக்குப் பாய் போட்டிருந்தது, பக்கத்தில் காபிக்கலர் அப்பர்கள் குவிந்திருந்தன. வந்த மறுநாளே அவளும் தையலில் உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு வேலை புதுசு, வெளிச்சம் வேணும்" என்று ஜாபர் பாய் சொல்லி வைத்த ஏற்பாடு. நசீமாவின் நீலக்கலர் அப்பரும் நூலும் கொல்லைக் கதவுப் படிக்கட்டுக்குப் போயிருந்தன. எவ்வளவு நல்ல மனசு இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது, தைக்க உட்கார்ந்துவிட்ட பர்வீன் கையிலிருந்து ஒரு நூல் துண்டு தரையில் விழுந்தது. நசீமா பாய்ந்து வந்தாள். "நூலு! நூலு! கீழ ஒரு நூலு வுழக்கூடாது பர்வீன். கோழி புழுன்னு நெனச்சு முழுங்கிடும். அதுக்குத்தான் டப்பா வெச்சிருக்கேன் பாரு." பர்வீன் அவசரமாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். நசீமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானே அவளைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கோழிகள் சாகின்றன என்று பேச்சு வந்தது. உங்களுக்குத் தெரிந்த நோய்தான், ராணிக்கெட். தமிழில் கோழிக்கழிச்சல் என்போம். கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். ஆம்பூரிலும் தடுப்பூசி முகாம் போடலாம் என்று ஏற்பாடாயிற்று. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்துசந்தாகச் சுற்றியது.

அந்த ஆட்டோ அவர்கள் சந்துக்குள் நுழைந்த காலையில்தான் பேகம் செத்துக் கிடந்தது.

எப்படி நடந்தது என்று பிறகு எல்லாரும் ஆளுக்கொரு விதமாக எனக்குச் சொன்னார்கள். எல்லாம் ஒன்றுதான். நசீமா கூண்டைத் திறந்தாள், பேகம் வெளியே வரவில்லை. கையை விட்டு எடுத்தால் விறைத்திருந்தது. அவள் அலறிய அலறலில் பக்கத்துவீட்டு சரோஜா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்டோ. ஸ்பீக்கர் கீச்சென்று கத்த, டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையில் மைக்கைப் பிடித்துப் படித்துக்கொண்டு போகிறார்: "கோழிகளைத் தாக்கும் கொடிய ராணிக்கெட் நோய்..." அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் சுவர். ஒரு சொல் நாலு சொல்லாக எதிரொலிக்கும். நம் ஜில்லாக்காரர்கள் காதில் 'ராணி' என்று விழுந்தால் அடுத்து என்ன வரும்?

"நசீமா, கேட்டியா?" என்று சரோஜா மதில் மேலிருந்தே கத்தினாளாம். "ராணிப்பேட்டை நோயாமே!"

எனக்கு இந்தத் தடவை போன் பண்ணியது பர்வீன். அழவில்லை. யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலப் பேசினாள். "டாக்டரம்மா, பேகம் செத்துடுச்சு. என் கோழிங்கள அறுக்கப் போறாங்க. நசீமா பாபி என்னையும் போவச் சொல்ட்டாங்க. நான் எங்க போவேன்?"

"நான் வர்ற வரைக்கும் ஒரு கோழி மேலயும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லு," என்று வண்டியை எடுத்தேன்.

பிள்ளைகளே, போகிற வழியில் நான் பயந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அது ராணிக்கெட்டாகவே இருந்தால்? புதுக் கோழி நோயைக் கொண்டுவருவது உண்டு. அதற்காகத்தானே தனியாக வைக்கச் சொல்கிறோம்! முதல் நாள் ராத்திரி எல்லாம் ஒரே கூண்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. நோயாக இருந்தால் நான் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மறைத்தால் சந்து முழுக்கக் கோழி சாகும். சொன்னால் பர்வீன் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பாள். ஆம்பூர் பஜார் நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டே, நோயாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் பர்வீனின் துணிப்பை இருந்தது. கொல்லையில் வெடக்கோழிகளைக் கால் கட்டிக் கூடையில் போட்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்கள். ஜாபர் பாய் கதவோரமாக வேலைக்குப் போகாமல் நின்றார். நசீமா தரையில் உட்கார்ந்திருந்தாள். பேகத்தை ஒரு கூடையால் மூடி வைத்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சு டாக்டரம்மா என் பேகம்," என்றாள். கண் சிவந்திருந்தது. "இவ வந்தா, கூடவே நோயும் வந்துச்சு. நான் சொல்லல, மைக்கு வெச்சுச் சொல்றாங்க."

"இன்னா நோயின்னு சொன்னாங்க?"

"ராணிப்பேட்டை நோயி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாய்வரை வந்துவிட்டது: அடி அசடே, அது ராணிக்கெட், வடக்கே மலையில் இருக்கிற ஒரு ஊர், நம் ராணிப்பேட்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் யார் பெயர் விளக்கம் கேட்பார்கள்? பர்வீனுக்குப் பரிந்துகொண்டு கதை விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். செத்த கோழிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

"யாரும் இந்தப் பக்கம் வராதீங்க. யாரும் கோழியை விக்காதீங்க, அறுக்காதீங்க," என்று மதிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். கையுறை மாட்டிக்கொண்டு உயிரோடிருந்த எல்லாக் கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்துத் திருகல் இல்லை. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியவில்லை. மூச்சு சீராக இருந்தது. தீனியை வீசினேன், விழுந்தடித்துக்கொண்டு வந்தன. கூடையில் கட்டிப் போட்டிருந்தவைகூடத் தலையை நீட்டின. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பேகம் எப்போலேர்ந்து சோர்ந்து இருந்துச்சு?" என்று நசீமாவைக் கேட்டேன்.

"சோர்வு இல்ல, கோவம்," என்றாள். "அது எடத்த எடுத்துட்டோம்ல. வலைகிட்டயே நின்னு மரத்தடியப் பாத்துக்கினே இருந்துச்சு. அப்புறம் படிக்கட்டாண்ட வந்து என் கால்கிட்டயே மேஞ்சுது. நாலஞ்சு நாளா சரியா தின்னல. கோவத்துல தின்ன மாட்டேங்குதுன்னு நெனச்சேன்."

பேகத்தைத் தூக்கினேன். கழுத்தடியில், தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்குகிற தீனிப்பையைத் தடவிப் பார்த்தேன். கல்லுமாதிரி இருந்தது.

இங்கே எனக்கு ஒரு குழப்பம். நோய் என்று சந்தேகம் இருக்கும்போது செத்த கோழியைக் கொல்லையில் வைத்து அறுக்கக் கூடாது. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "நோய் இல்லை" என்று நான் திரும்பி வந்து சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள்? அதற்குள் பர்வீன் பஸ் ஏறியிருப்பாள். வயிற்றைத் திறக்க வேண்டாம், தீனிப்பையின் மேல் தோலை மட்டும் கீறலாம் என்று முடிவு செய்தேன். பிளாஸ்டிக் சாக்கை விரித்தேன், சுண்ணாம்பு கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நசீமாவும் பர்வீனும் ஜாபர் பாயும் மட்டும் தள்ளி நின்று பார்க்கட்டும் என்றேன். மதிலுக்கு மேலே சரோஜாவின் தலை தெரிந்தது. அதை நான் என்ன செய்வது?

கீறி, விரலை விட்டு இழுத்தேன். பந்தாகச் சுருண்டு வந்தது. நைலான் நூல். அதில் சிக்கிக்கொண்டு புல்லும் தோல் நறுக்கும். பேகம் இத்தனை நாள் எதைத் தின்றாலும் இந்தப் பந்தைத் தாண்டி அது உள்ளே போயிருக்காது.

"ஐயோ, நூலு!" என்றது மதில் மேலிருந்த தலை.

"யார் போட்டது?" என்ற கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. இந்த வேலையில் மிகச் சுலபமாக வருகிற கேள்வி அதுதான். கேட்டால் அந்தக் கொல்லையில் இன்னொரு பலிகடா கிடைத்துவிடும், அவ்வளவுதான். நான் விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. இத்தனை நேரமும் வாய் திறக்காத ஜாபர் பாய் கேட்டுவிட்டார்.

"யாரு நூல கீழப் போட்டது?" அவர் பார்த்தது தங்கையை.

பர்வீன் நிமிர்ந்தாள். "நான்தான் பாய்ஜான். பெருக்கும்போது கொல்லைல கொட்டிட்டேன். என்னை இன்னா வேணா சொல்லுங்க. என் கோழிங்கள ஒண்ணும் பண்ணாதீங்க. அதுங்க நோயி கொண்டாரல."

நான் சாக்கின்மேல் கிடந்த நூலைப் பார்த்தேன். ஈரத்தில் கறுத்திருந்தாலும் நிறம் நன்றாகத் தெரிந்தது. நீலம். பர்வீன் உள்ளே தைத்துக்கொண்டிருந்தது காபிக்கலர். தலையைத் தூக்கினால் நசீமாவும் நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

"பொய்யி சொல்றா," என்றாள் நசீமா.

யாருக்கும் புரியவில்லை.

"பொய்யி சொல்றா டாக்டரம்மா. நீல நூலு என்னுது. படிக்கட்டுல உக்காந்து தைக்கிறேன், வெளிச்சம் பத்தல, ஊசி கையில குத்துது. எரிச்சல்ல எழுந்து மடித்துணிய அப்படியே கொல்லைல உதறிட்டேன். டப்பாவ எடுக்கக்கூட மனசில்ல. ஊருக்கெல்லாம் நூலு நூலுன்னு கத்தற நான்தான் உதறினேன். என் பேகத்த நானே கொன்னுட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு ஜாபர் பாய் பக்கம் திரும்பினாள். எல்லாம் அவர்மேல்தான் கொட்டியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? தங்கச்சியக் கூட்டினு வர்றேன் நசீமான்னு ஒரு வார்த்தை? நான் வேணாம்னா சொல்லப் போறேன்? காலைல எழுந்தா என் எடத்துல இவ, பேகம் எடத்துல அதுங்க. அவளுக்கு வெளிச்சம் வேணும், சரி. எனக்கு வேணாமா? எனக்கு இன்னா கண்ணு புதுசா மொளைக்குதா?"

ஜாபர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கணும்னு தோணல நசீமா," என்றார்.

"தோணாது," என்றாள் அவள். மூக்கைச் சிந்தினாள். பர்வீனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குப் பொய்யி சொல்லக்கூடத் தெரியல. நூலு கலரப் பாத்துட்டு சொல்லக் கூடாதா? கூடையில கால் கட்ட அவுத்து வுடு மொதல்ல. அதுங்களுக்குக் கால் மரத்துப் போவும்."

பர்வீன் கூடையருகே உட்கார்ந்து கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. நசீமா போய் எதிரே உட்கார்ந்து, தையல் கத்தரியால் கயிற்றை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டாள். வாசலில் இருந்த பையை ஜாபர் பாய் உள்ளே எடுத்துப் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பைத் தூவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பேகத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் எங்கள் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் முழுக்க அறுத்துப் பார்த்து, நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை என்றார். அதையும் போன் பண்ணி நசீமாவிடம் சொன்னேன். அப்போதுதான் ராணிக்கெட் கதையையும் சொன்னேன். நோயின் பெயர் எங்கோ வடக்கே இருக்கிற ஊருடையது, நாங்கள் போடுகிற தடுப்பூசி மருந்துதான் ராணிப்பேட்டையில் தயாராகி வருகிறது என்று. "அப்போ நோயி எவன் ஊருதோ, மருந்து இவ ஊருதா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்ல கூத்துதான்," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த தடவை போனபோது தடுப்பை மாற்றிக் கட்டினோம். சீத்தாமர நிழல் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி. தண்ணீர்த் தட்டும் இரண்டு பக்கம். மரத்தடியைப் பிரிப்பதற்கு முன்னால் நான் நசீமாவைக் கேட்டேன். அவள் யோசித்து, பழைய கோழிகள் எந்த மூலையில் புரளும் என்று காட்டினாள். அந்த மூலை அவற்றுக்கே விடப்பட்டது. வீட்டுக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்று நான் வாயே திறக்கவில்லை. அது நம் வேலை இல்லை. கை கழுவப் போனபோது பார்த்தேன், டியூப்லைட்டுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு பாய் கிடந்தது. நடுவில் ஒரே டப்பா, உள்ளே நீலமும் காபிக்கலருமாக நூல்.

தடுப்பை எடுத்த அன்று கீரையை அள்ளிப் பரவலாக வீசினார்கள். கொத்தல் இருந்தது, துரத்தல் இருந்தது. ரத்தம் வராதவரை பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வெடக்கோழியை ஒரு கிழட்டுப் பெட்டை துரத்தும்போதெல்லாம் பர்வீன் எழுந்திருக்கப் பார்ப்பாள், நசீமா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். "இரு, அதுங்களே பேசிக்கும்." பேகத்தின் இடத்துக்குக் கடைசியில் வந்தது பழைய கூட்டத்தில் அதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒரு செம்பட்டைப் பெட்டை.

பிள்ளைகளே, புதுக் கோழி வரும்போது நாம் எல்லாரும் புதுக் கோழியைத்தான் பார்க்கிறோம். அதற்குக் காயமா, தீனி கிடைத்ததா, பயப்படுகிறதா என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் கூடவே பழைய கோழி எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். தின்றுகொண்டிருந்தது தின்னாமல் நிற்கிறதா, படுக்கிற இடத்தில் படுக்கிறதா, தீனிப்பையைத் தொட்டால் எப்படி இருக்கிறது? இடம் சுருங்கியது அதற்குத்தான். அதனிடம் யாரும் கேட்பதில்லை. இன்னொன்று, நோயின் பெயரை மைக்கில் சொல்லும் முன்னால் அந்தத் தெருவில் அது எப்படிக் காதில் விழும் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கோழிக்கழிச்சல் என்றே சொல்லுங்கள். இதற்கு மேல் உபதேசம் செய்தால் நீங்களும் டீ குடிக்கப் போய்விடுவீர்கள்.

முகாம் நடந்த அன்று காலையிலும் அதே ஆட்டோ அதே ஸ்பீக்கரோடு வந்தது. நான் மருந்துப் பெட்டியோடு சந்து முனையில் நின்றிருந்தேன். நசீமா ஒரு கையில் கோழியை அணைத்துக்கொண்டு வந்தவள், நேரே போய் ஆட்டோவின் முன்னால் நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக் போட்டார்.

"அண்ணா, இன்னா நோயின்னு சொல்றீங்க?"

"ராணிக்கெட்மா. எழுதிக் குடுத்தத படிக்கிறேன்."

"ஓட்டிக்கினே படிச்சா அப்படியே காதுல வுழுமா? வண்டிய நிறுத்தி, நிதானமா, ஒவ்வொரு எழுத்தா படிங்க. தப்பா சொல்லிட்டுப் போவாதீங்க. எங்க வூட்ல ராணிப்பேட்டைக்காரி இருக்கா."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார்.